எட்டாம் வகுப்பும் துப்பாக்கியும்

தேசிய மாணவர் படையின் இளநிலைப் பிரிவில் 13 வயதிலேயே சேரலாம். முகாமில் குப்புறப் படுத்து, .22 ரைஃபிளின் கட்டையைத் தோளில் பதித்து, 25 மீட்டருக்கு அப்பால் உள்ள இலக்கைச் சுடவும் செய்யலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளை கையில் ஆயுதம் கொடுப்பது அறமா என்று கேட்டால், அது ஒரு விளையாட்டு, மனத்தை ஒருமுகப்படுத்தும் என்று பதில் வரும். அபினவ் பிந்த்ரா 2008-ல் பெய்ஜிங்கில் வென்ற தங்கத்தையும் சாட்சிக்கு அழைப்பார்கள்.

இந்தப் பதிலில் நேர்மை குறைவு. பிந்த்ரா வென்றது 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில். மன ஒருமைதான் நோக்கம் என்றால் காற்றுத் துப்பாக்கியே போதும், வெடிமருந்து எதற்கு? 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இந்தப் படை பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. ராணுவ வாழ்வைச் சற்றுத் தொட்டுக் காட்டவே துப்பாக்கி தரப்படுகிறது. அதைப் பெற்றோரிடம் மழுப்பாமல் சொல்லித்தான் சம்மதம் கேட்க வேண்டும்.

தொட்டுக் காட்டுவதே தவறு என்பாரும் உண்டு. ஈழப் போரில் பள்ளி வயதுப் பிள்ளைகள் ஆயுதம் ஏந்த வைக்கப்பட்டதைப் பார்த்த தமிழ்ச் சமூகம் அந்த அச்சத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் மாணவர் படையில் சேர்ந்த பிள்ளை போருக்குப் போக வேண்டியதில்லை. வேண்டாம் என்றால் விலகலாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இந்த 'வேண்டாம்' உயிரோடு இருக்கும்வரைதான். சீனப் போருக்குப் பின் 1963-ல் கல்லூரி மாணவருக்கு இப்படை கட்டாயமானது. 1968-ல் அந்தக் கட்டாயம் நீங்கியது. சட்டத்தில் நீங்கிய கட்டாயம் முகாமில் கேலியாகத் திரும்பி வரக்கூடும். சுட மறுக்கும் பிள்ளையைப் பயந்தாங்கொள்ளி என்று பயிற்சியாளரே சிரித்தால், அங்கே விருப்பம் என்பது பெயரளவுக்குத்தான்.

முறையான சுடுதளத்தில் சுடுவதைவிடச் சுடாமல் இருக்கவே அதிகம் கற்றுத் தருகிறார்கள். துப்பாக்கியில் ரவை இருப்பதாகவே எப்போதும் நினைக்க வேண்டும். குழல்வாய் இலக்கின் பக்கம் மட்டுமே இருக்க வேண்டும். உத்தரவு வரும்வரை விசையில் விரல் படக்கூடாது. சிவப்புக் கொடி பறக்கும்போது எவரும் உள்ளே வரக்கூடாது. சுட்டு முடித்ததும் காலித் தோட்டாக்களை எண்ணி ஒப்படைத்து, தன்னிடம் ரவையோ கூடோ எதுவும் இல்லை என்று ஒவ்வொருவரும் உரக்கச் சொல்ல வேண்டும். தன் கையில் இருந்த ஆபத்துக்குப் பலர் முன்னிலையில் கணக்குச் சொல்லும் இந்தப் பழக்கம் வகுப்பறையில் கிடைப்பது அரிது. (கட்டளை புரியும் மொழியில் இருப்பதும் பாதுகாப்பில் சேர்த்தி. மாணவர் படையின் இந்திக் கட்டளைச் சொற்களை நீக்கக் கோரி 1968 ஜனவரியில் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானம் மொழி அரசியலில் பிறந்தது. சுடுதளத்திலும் அதற்குப் பொருள் உண்டு.)

இத்தனையும் ஏட்டில் இருந்தால் போதாது. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில், பக்கத்துத் தளத்தில் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, 11 வயதுச் சிறுவன் ஒருவனின் தலையில் குண்டு பாய்ந்தது. சில நாட்களில் அவன் இறந்துபோனான். சுட்டவர்கள் தேர்ந்த வீரர்கள். .22 ரவை சிறியதுதான், ஆனாலும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாயக்கூடியது. எனவே தளத்தின் பின்னால் மண்மேடு உயரமாக இருக்கிறதா என்பதும் அறக் கேள்விதான்.

இலக்கில் என்ன வரைந்திருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். வட்டம் வரைந்த தாளில் குறிபார்ப்பது திறமை. மனித உருவ அட்டையில் குறிபார்ப்பது இன்னொன்றுக்கான ஒத்திகை; வாக்களிக்கும் வயதுகூட வராத பிள்ளைக்கு அது வேண்டாம்.

வட்ட இலக்கு, பெற்றோர் சம்மதம், மறுக்கும் உரிமை, ஒவ்வொரு பிள்ளை அருகிலும் நிற்க ஒரு பயிற்றுநர், உறுதியான மண்மேடு: இவை இருக்கும் இடத்தில் கற்றுக்கொடுக்கலாம். முகாம் அட்டவணையில் இருக்கிறது என்பதற்காக, இவற்றில் ஒன்று இல்லாத நாளில் ரவைப் பெட்டியைத் திறக்காதீர்கள்.