மடிப்பை நீக்கினால் பொய்யா?

ரிங்லெட்டில் எங்கள் வீட்டு அலமாரியில் பாட்டியின் பிஸ்கட் டின் ஒன்று உண்டு. அதற்குள் நாலாக மடித்த ஜப்பான் நோட்டுகள் ஐந்தாறு கிடந்தன. வாழைமரப் படம் போட்ட பத்து வெள்ளி நோட்டு. நம் ஊர்ப் பெரியவர்கள் "வாழைமரக் காசு" என்பார்களே, அதுதான். 1942-லிருந்து மூன்றரை வருஷம் மலாயாவில் செல்லுபடியானது. கேட்டவுடன் பத்து வெள்ளி தருவதாக ஜப்பான் அரசாங்கம் அதில் அச்சடித்தே வாக்குக் கொடுத்திருந்தது. 1945 செப்டம்பரில் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் அது வெறும் காகிதம் ஆகிவிட்டது.

"இதுதான்டா எங்கப்பாவோட கடைசி சம்பளம். கொழுந்து எடுத்த கூலி. வேட்டி மடியில கட்டி வச்சிருந்தாரு" என்பார் பாட்டி. ஒரு நோட்டின் ஓரத்தில் வெற்றிலைக் கறைகூட இருந்தது.

பழைய நோட்டு சேகரிப்பவர்களின் உலகத்தில் கறையும் மடிப்பும் கழிவு. நோட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊசித் துளை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மூலை மழுங்கியிருக்கிறதா, நடுவில் மடிப்பு எத்தனை, தாளில் மொடமொடப்பு மிச்சமிருக்கிறதா என்றெல்லாம் பார்த்து 70 வரைக்கும் மதிப்பெண் போடுவார்கள். ஜப்பான் நோட்டில் வரிசை எண் உள்ளவை ஆரம்பத்தில் வந்தவை. பின்னால் அடித்துத் தள்ளியதில் எழுத்து மட்டும்தான், எண் கிடையாது. எண் இருந்தால் விலை அதிகம். எங்கள் டின்னில் ஒன்றே ஒன்றுக்கு எண் இருந்தது. வெற்றிலைக் கறையும் அதில்தான்.

நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த நோட்டைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துக் கறையை எடுத்தேன். ஈரத்துணிக்கு அடியில் வைத்து இஸ்திரி போட்டேன். மடிப்பு போயே போச்சு. கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த ஒரு கல்லூரித் தம்பிக்கு நல்ல விலைக்கு விற்றேன். "கழுவுனதா அண்ணே?" என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லாதது பொய்யா என்று அன்றைக்கு என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இது எனக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. அமெரிக்காவில் 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிக்குள் பேஸ்பால் வீரர்களின் படம் போட்ட அட்டைகள் வைத்து விற்றார்கள். அதில் ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் அட்டை மிக அபூர்வம். 1991-ல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் ஒரு கூட்டாளியும் அப்படி ஓர் அட்டையை 4,51,000 டாலருக்கு வாங்கினார்கள். தரம் பார்க்கும் நிறுவனம் அதற்குப் பத்துக்கு எட்டு மதிப்பெண் போட்டது. 2007-ல் அது 28 லட்சம் டாலருக்குப் போனது. 2013-ல், அதை முன்பு விற்ற வியாபாரி பில் மாஸ்ட்ரோ, தானே அதன் ஓரத்தைச் சீவியதாக நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஓரம் கூர்மையாக இருந்ததால்தானே அத்தனை மதிப்பு? அந்தக் கூர்மையே கத்தி தந்தது.

ஆனால் பழையதைத் தொட்டாலே குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாமி அறைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறோம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கும்பாபிஷேகத்துக்குக் கோபுரத்துக்கு வர்ணம் அடிக்கிறோம். யாரும் அதை மோசடி என்பதில்லை. ஊரறியச் செய்கிறோம், "இது அந்தக் காலத்து வர்ணம்" என்று யாரிடமும் சொல்லி விற்பதில்லை. அப்படியானால் குற்றம் இஸ்திரிப் பெட்டியில் இல்லை, என் மௌனத்தில் இருந்தது. பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணுவதுதான் வாணிகம் என்று வள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்தின் கடைசியில் வைத்திருப்பதும் இதைத்தான். வாங்குகிறவன் இடத்தில் நான் இருந்தால் எது தெரிய வேண்டும் என்று நினைப்பேனோ, அது அவனுக்கும் தெரிய வேண்டும்.

இத்தோடு கணக்கு முடிந்தது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. தமிழ்நாட்டில் சில பழைய கோயில்களில், சுத்தம் செய்கிறோம் என்று கற்சுவரில் மணலைப் பீய்ச்சி அடித்ததில் கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்துபோயின. அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எல்லாம் பகலில், பலர் பார்க்கத்தான் நடந்தது. இருந்தும் போனது போனதுதான். நான் எடுத்த கறையும் அப்படி ஓர் எழுத்துதானே? மடியில் முடிந்த கூலிக்கு வேறு சாட்சி எங்களிடம் ஏது?

போன மாதம் அந்தத் தம்பியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். பணத்தைத் திருப்பித் தருகிறேன், நோட்டைக் கொடுத்துவிடு என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "பணம் பாதி கொடுங்கண்ணே, நோட்டு என்கிட்டயே இருக்கட்டும். கறை எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு மட்டும் எழுதி அனுப்புங்க" என்றான்.

எழுதி அனுப்பிவிட்டேன். பாட்டியிடம் இன்னும் சொல்லவில்லை. டின்னைத் திறக்கும்போதெல்லாம் எண்ணிப் பார்க்கிறவர் அவர்.