ஏழு தலைமுறையும் மூன்று பெயரும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருப்பல்லாண்டின் மூன்றாம் பாசுரத்தில் பெரியாழ்வார் அநந்யப்ரயோஜநர்களைக் கூவி அழைக்கிறார். அழைக்கும்போதே, தம் திரளானது ஏழு தலைமுறையாகக் குற்றமற்றது என்று சொல்லிக்கொள்கிறார். அவ்வழைப்பைச் செவியுற்றவர்கள் ஆறாம் பாசுரத்தில் வந்து சேருகிறார்கள். வந்தவர்கள் தங்களை அறிவித்துக்கொள்ளும் முறைதான் நாம் இங்கு அநுபவிக்க வேண்டியது. தந்தை, அவர் தந்தை என்று மேலே மேலே ஏறி, ஏழு தலைமுறைக்குக் கணக்குக் காட்டுகிறார்கள். ஆனால் அந்தக் கணக்கில் ஊர் இல்லை, நிலம் இல்லை, பட்டம் இல்லை. இரணியனைப் பிளந்த எம்பெருமானுக்கு அச்சீற்றத்தால் உண்டான இளைப்புத் தீரப் பல்லாண்டு பாடுகிறவர்கள் என்பதும், வழிவழியாக அடிமை செய்துவந்தவர்கள் என்பதுமே அவர்களுடைய விலாசம்.

குலவரலாறு நம் ஸம்ப்ரதாயத்தில் எவ்வளவு மதிக்கப்பட்டது என்பதற்கு குருபரம்பரா ப்ரபாவமே ஸாக்ஷி. நம்மாழ்வாருடைய திருத்தகப்பனார் காரியாருக்கு முன்னே திருவழுதிவளநாடர், அறந்தாங்கியார், சக்ரபாணியார், அச்யுதர், செந்தாமரைக்கண்ணர், செங்கண்ணர், பொற்காரியார் என்று ஏழு திருநாமங்களை அது நமக்குக் காத்துத் தந்திருக்கிறது. புதுப்பட்டினத்தில் வஸிக்கும் நமக்கு மிக அணித்தான திருக்கடல்மல்லையிலோ, பூதத்தாழ்வார் குருக்கத்தி மலரில் அவதரித்தார். அவருக்கு வம்சாவளியே இல்லை. இருவரும் நமக்கு ஆழ்வார்களே. ஆகையால் முன்னோர் பட்டியல் ஒருவருக்குப் பெருமை சேர்ப்பதற்காக எழுதப்பட்டதன்று என்று கொள்ள வேண்டும்.

பின் எதற்காக? இதை நாம் ஒரு நஷ்டத்தின் மூலமாகவே அறிந்தோம்.

தகப்பனார் இருக்கும்வரை பிள்ளைக்கு அமாவாசைத் தர்ப்பணம் இல்லை. அவர் பரமபதித்த பின்பு பிள்ளை தர்ப்பணம் செய்யத் தொடங்கும்போது, பிதா, பிதாமஹர், ப்ரபிதாமஹர் என்று மூன்று பெயர்களே வேண்டும். அதாவது, தகப்பனார் பெயர் கீழே சேர்ந்தவுடன், அதுவரை அவர் சொல்லிவந்த மூன்றாம் பெயர் மேலே கழன்று போய்விடுகிறது. அதைச் சொல்ல அந்த க்ருஹத்தில் ஒருவரும் இல்லை. இரு வர்க்கத்திலும் ஸ்த்ரீகள் பெயர்களையும் கூட்டிப் பன்னிரண்டு பெயர்களைக் காக்கும் இந்த ஏற்பாடு, தலைமுறைக்கு ஒரு வரிசையை உதிர்க்கவும் செய்கிறது.

எம் திருத்தகப்பனார் நாற்பது ஆண்டுகளுக்கு மேல், மாதந்தோறும், எம் காது கேட்கச் சொன்ன பெயர் அது. வங்கியில் பிறருடைய கணக்குகளில் ஒரு பைசா விடாமல் பார்த்த நாம் அதை ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளவில்லை. அருகிலுள்ள சதுரங்கப்பட்டினக் கோட்டையில் 17, 18-ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்களின் கல்லறைகள் இருக்கின்றன. கடல் கடந்து வாணிகத்துக்கு வந்தவர்களின் பெயர்கள் இன்றும் கல்லில் நிற்கின்றன. அங்கே செல்லும்போதெல்லாம் நமக்கு வெட்கமாகவே இருந்தது.

தகப்பனாரின் தம்பிக்கும் அதே மூன்று பெயர்கள்தானே என்பது வெகு தாமதமாகத்தான் தோன்றிற்று. தொண்ணூறைக் கடந்த சித்தியாவை ஸேவிக்கச் சென்றோம். அவருக்கு நினைவு மிகவும் தளர்ந்திருந்தது. தெண்டனிட்டு எழுந்த நம்மைப் பார்த்து, “நீர் யாராத்துப் பிள்ளை?” என்று கேட்டார். பெயரைப் பலவிதமாகக் கேட்டும் பதில் வரவில்லை. சித்திதான், “நாளைக்கு அமாவாசை, இருந்துட்டுப் போ” என்றார். மறுநாள் வாத்யார் மந்த்ரத்தைச் சொல்லிப் பெயருக்காக நிறுத்திய இடத்தில், எள்ளும் ஜலமும் கையில் இருக்க, சித்தியா தடையின்றி அந்தப் பெயரைச் சொன்னார். மூன்று முறையும் சொன்னார். முதல் நாள் முழுதும் அவருடைய நெஞ்சுக்கு எட்டாதது நாவில் இருந்தது.

ஆளவந்தார் சரித்ரம் அப்போது நினைவுக்கு வந்தது. நாதமுனிகளின் திருப்பேரனாரான அவர் ராஜ்ய போகத்தில் இருந்தபோது, மணக்கால் நம்பி ஆறு மாத காலம் தூதுவளைக் கீரை கொண்டுபோய்க் கொடுத்து, பிறகு ஒருநாள் நிறுத்தி, அதன் மூலமாக அவரைச் சந்தித்தார். “உம்முடைய பாட்டனார் தேடிவைத்த நிதி எம்மிடம் இருக்கிறது” என்னும்படி அறிவித்து, கீதையின் பொருளை உணர்த்தி, திருவரங்கத்துக்கு அழைத்துச் சென்று பெரிய பெருமாளைக் காட்டிக்கொடுத்தார். பத்து ஆண்டுகள் எவரும் தொடாத வைப்புத்தொகை 2014 முதல் ரிசர்வ் வங்கியின் நிதி ஒன்றுக்கு மாற்றப்படுகிறது. உரிய சான்றுடன் வாரிசுகள் பின்னாலும் கோரிப் பெறலாம். நம்பி செய்ததோ, வாரிசைத் தாமே தேடிச் சென்று ஒப்படைத்தது. அந்த நிதி பாட்டனாரின் பெயர் அன்று, அவர் அடிமை செய்த எம்பெருமான்.

ஊர் திரும்பியதும் ஒரு பேரேடு வாங்கினோம். முதற்பக்கத்தில் ஆசார்ய பரம்பரை, எம் ஆசார்யன் திருமாளிகை வரையில். அடுத்து, ஒவ்வொருவருக்கும் பெயர், பிறந்தகத்துப் பெயர்களோடு ஸ்த்ரீகள், திருநக்ஷத்ரம், ஸமாச்ரயணம் ஆன இடம், செய்த கைங்கர்யம், கடைசியில் ஆதாரம். எழுத்தில் கண்டது எது, செவிவழி வந்தது எது என்று பிரித்தே எழுதுகிறோம். வவுச்சர் இல்லாத பதிவு பின்னால் வருபவர்களைத் தவறான வழியில் கொண்டுபோய்விடும். குடும்பத்தை அரசவைக்கும் மஹான்களுக்கும் முடிச்சுப் போட்ட கதைகள் எம்மிடமும் இரண்டு இருந்தன. சான்று கிடைக்காமையால் அவற்றை ஏற்றவில்லை. நான்கு நகல் எடுத்து, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அனுப்பியாயிற்று.

மீட்ட பெயருக்கு நேரே, ‘ஆதாரம்: சித்தியா, அமாவாசைத் தர்ப்பணம்’ என்று இருக்கிறது. கைங்கர்யம் என்ற இடத்தில், சித்தி தம் மாமியாரிடம் கேட்டதாகச் சொன்னதை எழுதினோம்: ஐப்பசி அவிட்டத்தன்று பூதத்தாழ்வார் உத்ஸவத்துக்குக் கடல்மல்லைக்கு நடந்தே சென்று, அருளிச்செயல் கோஷ்டியில் அந்வயித்து, நடந்தே திரும்புவாராம். இங்கிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர். நம் பெயருக்கு நேரே அந்தக் கட்டம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. வருகிற ஐப்பசியில் கோஷ்டிக்குச் செல்ல இசைந்திருக்கிறோம். நடப்பது முழங்காலைப் பொறுத்தது.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.