கரையும் மலையைக் காணப் போதல்

கிறீன்லாந்தின் மேற்குக் கரையில் இலுலிசாட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. பெயரின் பொருளே பனிமலைகள் என்பதுதான். அதனருகே உள்ள பனிக் குடாவை யுனெஸ்கோ 2004இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. கோடையில் அங்கு இரவு இருள்வதில்லை. செப்டெம்பர், ஒக்டோபரில் பகலில் மிதக்கும் பனிமலைகளையும் இரவில் வடதுருவ ஒளியையும் ஒருசேரக் காணலாம்.

இவ்விரண்டும் ஒரே தன்மையான காட்சிகள் அல்ல. சூரியனிலிருந்து வரும் மின்னேற்றத் துணிக்கைகள் மோத, நூறு கிலோமீற்றர் உயரத்துக்கும் அப்பால் ஒட்சிசன் பச்சையாய் ஒளிர்கிறது. எத்தனை பேர் பார்த்தாலும் அது குறையாது. பனியின் கதை வேறு. வளியில் கலக்கும் ஒவ்வொரு தொன் காபனீரொட்சைட்டுக்கும் ஆர்க்டிக்கின் செப்டெம்பர்க் கடற்பனியில் சுமார் 3 சதுர மீற்றர் அழிகிறது என நொட்ஸ், ஸ்ட்ரோவ் ஆகிய ஆய்வாளர்கள் 2016இல் கணித்தனர். தூர தேசமொன்றிலிருந்து விமானத்தில் போய்த் திரும்புபவரின் பங்கு ஒரு தொன்னைத் தாண்டிவிடும்.

“அழியுமுன் பார்த்துவிட வேண்டும்” என்கிறார்கள். நோயாளியை நலம் விசாரிக்கப் போகிறவர் நோயைக் கூட்டிவிட்டு வரலாமா? பார்த்தவனே பாதுகாப்பான் என்பதிலும் நியாயமுண்டு. ஆனால், திரும்பி வந்தபின் அவன் வாழும் முறை மாறினால்தான் அந்த நியாயம் செல்லுபடியாகும்.

மறுபுறம், கடற்பனி மெலிந்து, நாய்வண்டியில் மீன்பிடிக்கப் போகும் காலம் சுருங்கிப்போன அவ்வூராருக்குப் பயணிகள் தரும் காசும் பிழைப்புத்தான். யாரும் போகவே கூடாதென்று தொலைவிலிருந்து தீர்ப்புச் சொல்வதும் அநீதியாகிவிடும்.

பனிமலையில் பத்தில் ஒன்பது பங்கு நீருக்குள் மறைந்திருக்கிறது. பயணத்தின் விலையும் அவ்வாறே. போகிறவர் அந்த மறைந்த பங்கையும் தம் கடனாக ஏற்று, ஏனைய பயணங்களைக் குறைத்து அடைக்கட்டும்.