மதியத்தில் தொடங்கும் திட்டம்

மதுரைக்கு இரண்டு நாள் என்று முடிவானதும் பெரும்பாலான வீடுகளில் எழுதப்படும் பட்டியல் ஒன்றுதான். மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், காந்தி அருங்காட்சியகம், திருப்பரங்குன்றம், அழகர்கோவில், பழமுதிர்சோலை, நேரமிருந்தால் கீழடி. வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை இருந்தாலும் பட்டியல் மாறுவதில்லை, பையின் எடை மட்டும் கூடுகிறது. இத்தனைக்கும் பல குடும்பங்கள் கிளம்புவதே பிள்ளையை முன்னிட்டுத்தான். மொட்டை போட வேண்டும், காது குத்த வேண்டும், பாட்டி நேர்ந்துகொண்டதை முடிக்க வேண்டும். புறப்படக் காரணமாக இருக்கும் பிள்ளைக்கோ, போட்ட திட்டத்தில் இடமிருப்பதில்லை.

நெதர்லாந்தின் வான் லியர் அறக்கட்டளை ‘அர்பன்95’ என்ற பெயரில் நகர நிர்வாகங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறது: 95 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் உங்கள் ஊர் எப்படித் தெரியும்? மூன்று வயதுக் குழந்தையின் உயரம் ஏறக்குறைய அவ்வளவுதான். ஊர்சுற்றிக் காட்டக் கிளம்பும் பெற்றோரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. அந்த உயரத்தில் தரிசன வரிசை என்றால் வேட்டியும் சேலைக் கொசுவமும்தான். 170 அடி தெற்குக் கோபுரம் அப்பாவின் தோளில் ஏறினாலும் முழுதாகப் பிடிபடாது. ஆனால் தூணில் வாய் பிளந்து நிற்கும் யாளி எட்டும். பொற்றாமரைக் குளத்தின் படிகள் எட்டும். குளத்தருகே இருக்கும் விபூதிப் பிள்ளையார்மேல் யாரும் தங்கள் கையாலேயே திருநீற்றை அள்ளிப் பூசலாம்; கோயிலில் நுழைந்ததிலிருந்து “தொடாதே” என்று மட்டுமே கேட்ட பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

எங்கிருந்து திட்டத்தைத் தொடங்குவது? மதியத்திலிருந்து.

பகல் 12:30 மணி வாக்கில் கோயில் நடை சாத்தப்படும். மறுபடி திறக்க மாலை 4 மணியாகும். வெளியூர்க்காரர்கள் இந்த இடைவெளியைத் தொல்லையாக நினைத்து, அதற்குள் மகாலையும் அருங்காட்சியகத்தையும் திணித்துவிடப் பார்ப்பார்கள். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. செருப்பில்லாத கால் கல்தரையில் நிற்காது. சாமிக்கே ஓய்வு கொடுக்கும் அந்த நேரத்தில் பிள்ளையையும் தூங்க வைப்பதுதான் அறிவு. அதனால் முதலில் எழுத வேண்டியது மதியத் தூக்கம். அதற்கு முன்னால் ஓரிடம், பின்னால் ஓரிடம். தங்கும் அறையைக் கோயிலைச் சுற்றியுள்ள மாசி வீதிகள், வெளி வீதிகள் பக்கம் பார்த்துக்கொண்டால், தூக்கிக்கொண்டு திரும்பும் தூரம் குறையும்.

ஒரு நாளைக்கு இரண்டே இடம் என்றதும் பெரியவர்களுக்கு மனசு கேட்காது. இவ்வளவு செலவு செய்து வந்துவிட்டு இதையும் பார்க்காமல் போவதா என்பார்கள். இடங்களைத் தனித்தனியாக எண்ணும்போதுதான் இந்தக் கணக்கு வருகிறது. சிறுபிள்ளைகள் இடங்களை எண்ணுவதில்லை, கதையைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். மதுரையிடம் அவர்களுக்கேற்ற கதை ஒன்று இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் அரண்மனை கட்டினார். அதற்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் பிறகு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளமானது என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பள்ளத்தைத் தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சி கோயிலில் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார். விநாயகர் சதுர்த்தியன்று 18 படி அரிசியில் அவருக்கு ஒரே கொழுக்கட்டை.

காலையில் பிள்ளையாரைக் காட்டி, “இவ்வளவு பெரியவர் எங்கே ஒளிந்திருந்தார் தெரியுமா?” என்று கேட்டுவிட்டால் போதும். வெயில் தாழ்ந்ததும் தெப்பக்குளம். சுற்றுச்சுவரோரம் காற்றும் தின்பண்டக் கடைகளும் இருக்கும். மறுநாள் காலை, பள்ளத்து மண் என்ன ஆனது என்று பார்க்க மகால். பழைய அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது ஏறக்குறைய கால்பங்குதான் என்றாலும், ஒவ்வொரு தூணையும் இரு கையாலும் கட்டிப் பார்த்துத் தோற்றுப்போகப் பிள்ளைகளுக்கு அது தாராளம்.

ஆறு, ஏழு வயதுக்காரர்கள் இருந்தால் கீழடியைச் சேர்க்கலாம். ஊரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில், 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் சுடுமண் வட்டச் சில்லுகளும் பகடைக் காய்களும் இருக்கின்றன. தெருவில் பாண்டி ஆடிய பிள்ளைக்கு அந்தச் சில்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. மூன்று வயதுக்கு அது கண்ணாடிப் பெட்டிகள் நிறைந்த கட்டடம் மட்டுமே, விட்டுவிடலாம். ஆனைமலை என்னும் பாறைக்குன்றைப் பார்க்க நுழைவுச்சீட்டே வேண்டாம். ஒத்தக்கடை வழியாகப் போகும்போது சன்னல் பக்கம் உட்கார வைத்தால், படுத்திருக்கும் கல்யானையைப் பிள்ளையே கண்டுபிடிக்கும்.

சித்திரைத் திருவிழா மட்டும் வேறு கணக்கு. உள்ளூர்ப் பிள்ளைகள் அழகரைத் தோள்மேல் உட்கார்ந்து பார்த்தே வளர்கிறார்கள்; அவர்களைத் தூக்கி நிற்பவர்களுக்குச் சந்துபொந்தெல்லாம் தெரியும். வெளியூர்க் குடும்பத்துக்குத் தெரியாது. 2022இல் அழகர் ஆற்றில் இறங்கிய நாளில் நெரிசலில் சிக்கி இருவர் இறந்தார்கள். கைக்குழந்தையோடு போக அது நாளல்ல.

போக்குவரத்தில் சலுகைகள் உண்டு, அவற்றுக்கு மறுபக்கமும் உண்டு. தமிழக அரசுப் பேருந்துகளில் 2022 முதல் ஐந்து வயது வரை கட்டணமில்லை. ரயிலிலும் ஐந்து வயதுக்குள் தனிப் படுக்கை கேட்காவிட்டால் இலவசம். அந்த இலவசத்தின் விலையை இரவு முழுக்க ஒருக்களித்துப் படுத்த அம்மாவின் தோள் கொடுக்கும். 2016இலிருந்து, ஐந்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம்.

இவ்வளவு பாடுபட்டும் பிள்ளைக்கு எதுவும் நினைவிருக்காதே என்பார்கள் சிலர். உண்மைதான். பெரியவர்களின் மிகப் பழைய நினைவே சராசரியாக மூன்று, மூன்றரை வயதைச் சேர்ந்தது என்கிறது உளவியல். பருத்திப்பால் முதல் மடக்கில் முகம் சுளித்ததும், ஜிகர்தண்டாவைப் பார்த்துப் பாட்டி, “புள்ளைக்குச் சளி பிடிக்கும்ப்பா, ஒரு வாய்தான்” என்று தடுத்ததும் பெரியவர்கள் சொல்லித்தான் பின்னாளில் தெரியவரும். அப்படியானால் இந்தப் பயணத்தில் ஒரு பங்கு பெரியவர்களின் ஆசைக்கானது என்று ஒப்புக்கொள்வதில் தப்பில்லை. பிள்ளைக்குக் காட்டுகிறோம் என்ற பெயரில் தங்கள் பட்டியலை ஓட்டுவதைவிட, இது எனக்கு, அது அவனுக்கு என்று பிரித்துக்கொள்வது நேர்மையானது.

பிரிக்கும்போதுதான் வேறொன்று வெளியே வரும். ஒவ்வோர் இரவும் சொக்கநாதரின் பாதுகைகளைப் பல்லக்கில் ஏற்றி மீனாட்சியின் பள்ளியறைக்குக் கொண்டுபோகிறார்கள். பார்க்க வேண்டிய வழிபாடு. ஆனால் அந்நேரம் மூன்று வயது தூங்கிவிட்டிருக்கும். யாராவது ஒருவர் அறையில் இருந்தாக வேண்டும். அந்த ஒருவர் யார் என்று பெரும்பாலான வீடுகளில் பேச்சே எழுவதில்லை. மாற்றுத்துணிப் பை யார் தோளில் தொங்குகிறதோ அவர்தான். 2015இல் தமிழகப் பேருந்து நிலையங்களில் திறக்கப்பட்ட பாலூட்டும் அறைகள் தாய்மார்களுக்கு உண்மையிலேயே உதவின. தந்தையர் கைக்கு அந்தப் பை மாறுவதற்கு அரசாணை எதுவும் வராது. டிக்கெட் எடுக்கும்போதே வீட்டில் பேசிக்கொள்ள வேண்டும்: முதல் இரவு அப்பா பள்ளியறைப் பூசைக்குப் போனால், இரண்டாம் இரவு அவர் அறையில் இருக்க, அம்மா மாமியாரைக் கூட்டிக்கொண்டு போய்வரட்டும். இடையில் பிள்ளை விழித்து அழுதால் பால் புட்டி எங்கே, சுடுதண்ணீர் யாரிடம் கேட்பது என்பதெல்லாம் அதற்குள் அப்பாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.