புகைக்கு உரியவர் யார்?

அரியலூர் மாவட்டத்து ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகளைக் காணாதார் இல்லை. அந்த லாரிதான் பல வீடுகளில் உலை ஏற்றுகிறது. அதன் புகையும் புழுதியும் அவ்வீட்டுப் பிள்ளையின் நெஞ்சிலும் இறங்குகின்றன. டீசல் புகையின் நுண்துகள்கள் மூச்சுக்குழலின் உட்சுவரைப் புண்படுத்துகின்றன. பின்னர் மகரந்தமும் வீட்டுத் தூசியும்கூட எளிதில் ஒவ்வாமையைக் கிளப்பிவிடும். பிள்ளைகளோ, உடல் எடையை நோக்க, பெரியவர்களைவிட மிகுதியான காற்றை உள்ளிழுப்பவர்கள்.

இத்தீங்குக்குப் பொறுப்பாளர் யார்? 14ஆம் நூற்றாண்டில் துனீஸில் வாழ்ந்த இப்னுர் ராமி, கட்டடச் சட்டம் பற்றிய தம் நூலில், ஹம்மாம் அடுப்பின் புகை அண்டைவீட்டாருக்குத் தரும் இடரையும் ஆராய்ந்தார். அந்த அடுப்புக்கு உரியவர் ஒருவர் உண்டு. காஜியின் முன் அவரை நிறுத்தலாம். சாலைப் புகைக்கோ ஆயிரம் உரியவர்கள். ஓட்டுநர் கூலிக்கு ஓட்டுகிறார். வீடு கட்டுபவர் சிமெண்ட் கேட்கிறார். நம் பள்ளிவாசல் மினாராக்களும் சிமெண்டால் எழுந்தவைதாமே! பங்கு சிறிதென்பதால் பங்கே இல்லையென்று சொல்லிக்கொள்கிறோம்.

லண்டனில் வாகன நெரிசல் மிக்க சாலையருகே வாழ்ந்த எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்னும் சிறுமி, கடும் ஆஸ்துமாவால் 2013இல் தன் 9ஆம் வயதில் இறந்தாள். காற்று மாசும் அம்மரணத்திற்கு ஒரு காரணம் என 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அதற்காக ஓயாது போராடியவர் தாய். மாசின் கேட்டை முன்பே எடுத்துரைத்திருந்தால் அத்தாய் தற்காப்புத் தேடியிருக்கக்கூடும் என்பதும் தீர்ப்பில் உண்டு.

எடுத்துரைப்பது அத்தனை எளிதன்று. பள்ளிக்கூட வாசலில் உறுமி நிற்கும் லாரியின் இன்ஜினை அணைக்கச் சொல்ல நமக்கு வாய் எழுவதில்லை. ஓட்டுநர் நம் மச்சானாக இருப்பார்.