நொடிகளாகும் நேரம்

நிரல் எழுதத் தொடங்குபவருக்குத் தரப்படும் முதற்பயிற்சிகளுள் ஒன்று, மணி, நிமிடம், நொடி எனப் பிரித்துச் சொல்லப்பட்ட கால அளவை முழுவதும் நொடிகளாக மாற்றுவதாகும். ஒரு மணிக்கு 3600 நொடி, ஒரு நிமிடத்திற்கு 60 நொடி என்பதால் 2 மணி 15 நிமிடம் 40 நொடி என்பது 8140 நொடியாகும்.

ஆயினும் இப்பயிற்சியின் உண்மையான பாடம் கணக்கில் இல்லை. பைத்தான் மொழியில், பயனர் தட்டச்சிடுவதைப் பெற்றுத் தரும் ‘இன்புட்’ என்னும் செயற்கூறு, எதைப் பெற்றாலும் அதை எண்ணாகக் கொள்ளாமல் சரமாகவே, அதாவது எழுத்துகளின் கோவையாகவே, கையளிக்கிறது. எனவே 2 என்று தட்டச்சிட்டதை அப்படியே 3600ஆல் பெருக்கினால், பிழைச்செய்தி எதுவும் தோன்றாமல், 2 என்னும் எழுத்து 3600 முறை அடுத்தடுத்து வந்து திரையை நிறைக்கும். இதைக் கண்ணால் கண்டு, சரத்தை முழு எண்ணாக மாற்றும் ‘இன்ட்’ செயற்கூற்றைத் தாமே சேர்த்துத் திருத்தும் மாணவர், தரவின் வகை என்பது யாது என்பதை எந்த வரையறையையும்விட உறுதியாக அறிந்துகொள்கிறார். ஆகவே ஆசிரியர் அத்தவற்றை முன்கூட்டியே தடுத்துவிடாதிருப்பது நன்று.

மணியை 60ஆல் பெருக்கி நிமிடத்தைக் கூட்டி, வந்த விடையை மீண்டும் 60ஆல் பெருக்கி நொடியைக் கூட்டும் வழி இன்னும் செப்பமானது. பாபிலோனியரிடமிருந்து வந்த, 60ஐ அடியாகக் கொண்ட எண்முறை அதில் வெளிப்படையாகத் தெரிகிறது. நாளை 60 நாழிகையாகவும் நாழிகையை 60 விநாழிகையாகவும் பகுத்த பழைய தமிழ்க் கணக்கிற்கும், இறுதியில் 24ஆல் பெருக்கும் ஒரு படியைச் சேர்த்தால், அதே நிரல் பொருந்தும்.