கௌசாம்பியில் எஞ்சிய நீர்



நம்மவருள் பலர் இன்று பிறரை வேலை வாங்கும் நிலையில் இருக்கின்றனர். பட்டறையில் மேஸ்திரியாகவும், ஆலையில் மேற்பார்வையாளராகவும், அலுவலகத்தில் தலைமை எழுத்தராகவும் பணியாற்றுகின்றனர். நம் பாட்டன்மாருள் பலரோ கோலார் தங்கவயல் சுரங்கங்களில் மேலாளின் வசைமொழி கேட்டுத் தலைகுனிந்து நின்றவர்கள். ஆதலின், அதிகாரம் நம் கைக்கு வந்தபின் நம் நாவில் எத்தகைய சொல் பிறக்கின்றது என்பது நமக்குச் சிறிய வினாவன்று.

கௌசாம்பி நகரத்துக் கோசிதாராமத்தில் நேர்ந்த பிணக்கைக் கேட்டிருப்பீர்கள். அதன் தொடக்கம் எத்துணை அற்பமானது என்பதை அட்டகதை கூறுகின்றது. தம்மத்தை எடுத்துரைப்பதில் வல்ல பிக்கு ஒருவர், கழுவும் பாத்திரத்தில் எஞ்சிய நீரைக் கொட்டாமல் வைத்துவிட்டு வந்தார். விநயத்தில் தேர்ந்த மற்றொரு பிக்கு அதைக் கண்டு, இது குற்றமென அறியீரோ என்று வினவினார். அறியேன், குற்றமாயின் அதற்குரிய பரிகாரம் செய்கிறேன் என்றார் முன்னவர். அறியாது செய்ததாயின் குற்றமில்லை என்றார் விநயதரர்.

விஷயம் அத்துடன் தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் விநயதரர் தம் மாணாக்கரிடம் சென்று, அவர் தம் குற்றத்தையே உணராதவர் என்று பேசினார். மாணாக்கர் அதை அவருடைய மாணாக்கரிடம் கொண்டு சேர்த்தனர். முன்பு குற்றமில்லை என்றவர் இப்போது குற்றமென்கிறாரே, அவர் பொய்யர் என்று மறுமொழி பிறந்தது. சங்கம் இரண்டாகப் பிளந்தது.

அன்பர்களே, சங்கத்தைப் பிளந்தது அந்த நீரன்று. முகத்திற்கு முன் ஒன்றும் முதுகிற்குப் பின் வேறொன்றுமாகப் பேசிய பேச்சு. பட்டறையில் நடப்பதும் இதுவே. ஒருவன் கருவியைத் துடைக்காமல் வைத்துச் செல்கிறான். பரவாயில்லை தம்பி என்று அவனிடம் சொல்லும் மேஸ்திரி, தேநீர் வேளையில் வேறு நால்வரிடம் அவன் சோம்பலைப் பற்றி உரைக்கிறார். மாலைக்குள் அது அவன் செவிக்கு எட்டுகிறது. அதன்பின் மேஸ்திரியின் நல்ல சொல்லையும் அவன் நம்புவதில்லை. நேரே கடிந்துகொண்டிருந்தால்கூட இத்துணைக் கேடு விளைந்திராது என்பது என் எண்ணம்.

கடிந்துரைக்கவும் முறை உண்டு. தகுந்த காலத்தில், உண்மையை, மென்மையாக, கேட்பவனுக்குப் பயன்படுமாறு, மைத்திரி கொண்ட உள்ளத்தோடு சொல்ல வேண்டுமென விநயம் விதிக்கின்றது. அதற்கு முன், அக்குற்றம் தன்னிடம் இல்லையா என்று சொல்பவன் தன்னையே ஆராய வேண்டும். வழக்கைத் தீர்ப்பதாயின் சம்பந்தப்பட்டவர் முன்னிலையில் தீர்க்க வேண்டும். பாபாசாகேப் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த காலத்தில், அரசும் முதலாளியும் தொழிலாளியும் ஒரே மன்றத்தில் அமர்ந்து பேசிய முத்தரப்பு மாநாடுகளை இங்கு நினைவுகூர்தல் தகும்.

கௌசாம்பியில் பகவர் இரு தரப்பாரையும் தனித்தனியே கண்டார். விலக்கியவர்களிடம், கற்றறிந்த பிக்குவை விரைந்து விலக்கினால் சங்கம் பிளவுபடுமே, எண்ணிப் பாருங்கள் என்றார். விலக்கப்பட்டவர் பக்கத்தாரிடம், பிறர்மீது வைத்த நம்பிக்கையின் பொருட்டேனும் குற்றத்தை ஒப்புக்கொள்ளலாமே என்றார். அவரவர் விட்டுக்கொடுக்க வேண்டியதையே அவரவரிடம் பேசினார். எதிர்த்தரப்பின் பிழையை இவர்களிடம் எடுத்துரைக்கவில்லை. நாமோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகச் செய்து, சமாதானம் செய்ததாக எண்ணிக்கொள்கிறோம்.

அப்போதும் அவர்கள் செவிசாய்க்கவில்லை. பகவர் அவர்களை விட்டு நீங்கி வனம் புகுந்தார். ததாகதரின் சொல்லே உடனே பலிக்காத இடமும் உண்டு. ஒருநாள் பேசிப் பயனில்லை என்று சலித்துக்கொள்ளும் மேற்பார்வையாளர் இதை எண்ணுவாராக.

கௌசாம்பி உபாசகர்கள் உணவளிப்பதை நிறுத்திய பின்னரே அப்பிக்குகள் பகவரைத் தேடிச் சாவத்திக்குப் புறப்பட்டனர். அவர்கள் வரும் செய்தி கேட்ட அநாதபிண்டிகரும் விசாகையும், இவர்களை எவ்வாறு நடத்துவது என்று பகவரை வினவினர். இரு தரப்பாரிடமும் தம்மத்தைக் கேட்டு, தம்மத்தின்படி பேசுபவர் கருத்தை ஏற்குமாறும், தானத்தை மட்டும் இரு தரப்பாருக்கும் அளிக்குமாறும் அவர் பணித்தார். உறைவிடம் தனித்தனியே தரப்பட்டது. உணவு எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்பட்டது. புகார் விசாரணையில் இருக்கும்போதே ஒருவனுடைய விடுப்பையும் மிகைநேரப் பணியையும் பறித்துவிடும் அதிகாரிகள் நம்மிடையிலும் உண்டு.

அங்கே, எவரும் வற்புறுத்தாத நிலையில், விலக்கப்பட்ட பிக்கு தம்மத்தையும் விநயத்தையும் தனித்திருந்து ஆராய்ந்தார். பின் தம் பக்கத்தாரிடம் வந்து, குற்றம் என்னுடையதே, என்னை மீண்டும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்.